வள்ளத்து இயந்திரத்தின் சூடும் அதனை அறியும் வழியும்

பொழுது புலரும் வேளையிற் பருத்தித்துறைக் கரையிலிருந்து புறப்படும் கண்ணாடியிழை வள்ளம் ஒன்றைக் கவனித்தால், இயந்திரத்தின் கைபிடியைப் பற்றியிருப்பவர் இடையிடையே தலையைத் திருப்பிப் பின்னால் நோக்குவதைக் காணலாம். அவர் நோக்குவது கரையை அன்று. இயந்திரத்தின் மேலுறைக்குச் சற்றுக் கீழே, சிறுவிரலும் நுழையாத துவாரமொன்றிலிருந்து வளைந்து விழும் மெல்லிய நீர்த்தாரையையே அவர் பார்க்கிறார். அது விழுந்துகொண்டிருக்கும் வரையில் இயந்திரம் நலமாயிருக்கின்றது என்பது கடற்றொழிலாளரிடையே நிலைத்துவிட்ட நம்பிக்கை. அந்நம்பிக்கையிற் பாதி உண்மை. மற்றப் பாதி, நல்ல இயந்திரம் ஒன்றைக் கருக்கிவிடக் கூடியது.

கீழேயுள்ள பம்பி கடல்நீரை மேலே ஏற்றுகின்றது என்பதை மட்டுமே அந்த நீர்த்தாரை அறிவிக்கின்றது. ஏறிய நீர் செல்லவேண்டிய இடங்களுக்கெல்லாம் சென்றதா, சென்ற இடத்தில் வெப்பத்தை வாங்கிக்கொண்டதா என்பவற்றை அது அறிவிப்பதில்லை. தாரை கொட்டிக்கொண்டிருக்கையிலேயே பிஸ்டன் இறுகி நின்றுவிட்ட இயந்திரங்களும் உண்டு. தாரை நின்றதென்று அஞ்சி, குற்றமெதுவும் இல்லாத பம்பியைக் கழற்றிப் பூட்டி ஒரு நாளைத் தொழிலை இழந்தோரும் உளர்.

கடலில் இயந்திரம் இறுகிவிட்டால் நேர்வது பணநட்டம் மாத்திரமன்று. இயங்காத வள்ளம் காற்றும் நீரோட்டமும் இழுத்த பக்கம் செல்லும். பாக்கு நீரிணையில் 1974ஆம் ஆண்டிலும், மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும் 1976ஆம் ஆண்டிலும் இலங்கையும் இந்தியாவும் உடன்படிக்கை மூலம் வகுத்துக்கொண்ட கடலெல்லை, கண்ணுக்குத் தெரியாத கோடு. அதனை வேண்டுமென்று கடந்தவனும், இயந்திரம் நின்றுபோனமையால் மிதந்து கடந்தவனும் முதலிற் காவற் கப்பலுக்கு ஒரே தோற்றத்தையே அளிப்பர். ஆகவே ஓர் இயந்திரத்தின் சூட்டை அறிந்துகொள்வது கரையோரக் குடும்பங்களுக்குச் சிறிய காரியமன்று.

இயந்திரம் ஏன் சூடாகின்றது என்பதை முதலில் நோக்குதல் தகும். சிலிண்டருள் எண்ணெய் எரியும் கணத்தில் அங்குள்ள வாயுவின் வெப்பநிலை 2,000 பாகை செல்சியசுக்கு மேற் செல்கின்றது. பிஸ்டன் செய்யப்பட்டிருக்கும் அலுமினியமோ 660 பாகையில் உருகிவிடுவது. எரிபொருளிலுள்ள வெப்பத்தில் ஏறத்தாழ நாலிலொரு பங்கே சிறிய இயந்திரங்களில் வள்ளத்தை உந்தும் வேலையாக மாறுகின்றது. எஞ்சியதிற் பெரும்பகுதி புகையோடு வெளியேற, மீதியை நீர் வாங்கிக்கொண்டு போதல் வேண்டும். அது போகாவிடின் உலோகம் உருகுவதற்கு நெடுமுன்னரே வேறொரு கேடு நேர்கின்றது.

அக்கேடு உலோகங்கள் விரியும் அளவு வேறுபடுவதால் வருவது. அலுமினியம் வார்ப்பிரும்பிலும் ஏறக்குறைய இரட்டிப்பாக விரியும். 70 மில்லிமீற்றர் விட்டமுள்ள பிஸ்டன் ஒன்று, இருக்கவேண்டிய அளவுக்கு மேல் 100 பாகை சூடேறினால் ஏறத்தாழ 0.15 மில்லிமீற்றர் பருக்கும். அதனைச் சூழ்ந்திருக்கும் இரும்புச் சிலிண்டர் அதே சூட்டில் 0.08 மில்லிமீற்றர் அளவே விரியும். இரண்டுக்குமுள்ள வித்தியாசம் ஒரு தலைமயிரின் பருமன். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே செய்தவர்கள் விட்டிருக்கும் இடைவெளியும் ஏறக்குறைய அவ்வளவே. மயிரளவான அந்த இடைவெளி மறைந்ததும் எண்ணெய்ப் படலம் அறுந்து, உலோகம் உலோகத்தோடு உராய்ந்து, இரண்டும் கௌவிக்கொள்கின்றன. கம்மியர் ‘பிஸ்டன் கடித்துவிட்டது’ என்று சொல்வது முற்றும் பொருத்தமான சொல்.

இனி, நீர் செல்லும் வழி. இயந்திரத்தின் காலில், விசிறிக்குச் சற்று முன்பாக, சல்லடைபோன்ற வாயொன்று உண்டு. அதன் வழியே நுழையும் கடல்நீரை, இம்பெலர் என்று கடைகளிற் கேட்டு வாங்கப்படும் இறப்பர்ச் சுழலி ஒன்று இழுத்து, நீண்ட குழாய் வழியே மேலே தள்ளுகின்றது. மேலே சென்ற நீர், புகைவழியையும் சிலிண்டர்களையும் அவற்றின் தலைப்பகுதியையும் சுற்றிவந்து, பின்னர் காலினூடாக இறங்கிப் புகையோடு கடலிற் கலந்துவிடும். இவ்வோட்டத்திலிருந்து பிரியும் ஒரு சிறு கிளையே பின்னால் விழும் நீர்த்தாரை. அக்கிளை எங்கே பிரிகின்றது என்பதிலேயே விடயம் தங்கியிருக்கின்றது. சில இயந்திரங்களில் அது சிலிண்டர்களைச் சுற்றிய பின்னர் பிரியும். அத்தகைய தாரையிற் கையை நீட்டினால் வெதுவெதுப்பு உணரப்படும். வேறு சிலவற்றில் அது சிலிண்டர்களை அடையுமுன்னரே பிரிந்துவிடும். அந்தத் தாரை கடல்நீரைப்போற் குளிர்ந்தே இருக்கும். உள்ளே தலைப்பகுதி கொதித்தாலும் அதன் குளிர்ச்சி மாறுவதில்லை. தமது இயந்திரம் எவ்வகையைச் சேர்ந்தது என்பதை ஒவ்வொருவரும் ஒருமுறை மூடியைத் திறந்து, குழாயை விரலாற் பின்தொடர்ந்து பார்த்து அறிந்துகொள்ளுதல் நன்று.

மோட்டார் வண்டியின் இயந்திரம் 80, 90 பாகையில் ஓடுவதே முறையென்பதை அறிந்தோர், வள்ளத்து இயந்திரமும் அவ்வாறே ஓடவேண்டுமென்று எண்ணுதல் கூடும். வண்டியில் ஒரே நன்னீர் திரும்பத் திரும்பச் சுற்றுகின்றது. வள்ளத்திலோ உப்புநீர் ஒருமுறை சுற்றி வெளியேறுகின்றது. உப்புநீரை மிகச் சூடாக்கினால் அதிற் கரைந்துள்ளவை படிந்து, குழாயின் உட்புறத்திற் கல்லைப்போல் இறுகிவிடும். அதனாலேயே வள்ளத்து இயந்திரங்களைப் பெரும்பாலும் 50 பாகைக்கும் 60 பாகைக்கும் அண்மையில் ஓடுமாறு அமைத்திருக்கின்றார்கள். நமது கடலின் மேற்பரப்பு நீர் 27 முதல் 30 பாகை வரையில் இருப்பது. 30 பாகையில் நுழையும் நீரை வைத்துக்கொண்டு 50, 60 பாகையைக் காக்கும் பொறுப்பு ஒரு சிறு கதவினுடையது. அதனைத் தேமோஸ்டாற் என்பர்.

இச்சிறு கருவியைப் பற்றிச் சற்று விரித்துக் கூறவேண்டியுள்ளது. ஏனெனில் நம்மவர் கையில் மிகுதியும் அநியாயத்துக்கு உள்ளாவது இதுவே. சின்னஞ்சிறு செப்புச் சிமிழொன்றில் அடைக்கப்பட்ட மெழுகு, குறித்த வெப்பநிலையில் உருகிப் பருத்து, கதவைத் தள்ளித் திறக்கும். ஆறினால் மெழுகு சுருங்க, வில் கதவை மூடிவிடும். உப்புப் படிந்து கதவு மூடியபடி இறுகிவிட்டால் இயந்திரம் கொதிக்கும். அப்படி ஒருமுறை பட்டவர்கள், இனித் தொல்லையே வேண்டாமென்று அதனைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடுவதை வழக்கமாக்கிக்கொள்கின்றனர். குளிர்ந்த இயந்திரம் நல்ல இயந்திரம் என்பது அவர்கள் கொள்கை.

அக்கொள்கை தவறானது, மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரங்களைப் பொறுத்தவரையில் இருமடங்கு தவறானது. மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல இலகுவில் ஆவியாவதில்லை. அதனாலேயே அத்தகைய இயந்திரத்தைப் பெற்றோலிற் கிளப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகின்றார்கள். தேமோஸ்டாற் இல்லாத இயந்திரம் அந்தச் சூட்டை முழுமையாக அடைவதேயில்லை. எண்ணெய் துளித்துளியாகவே சிலிண்டருட் புகுந்து, அரைகுறையாய் எரிந்து, பிளக்கை நனைத்து, கரியைப் படியவைத்து, மீதி புகையாய்ப் போய்விடும். 2022 ஆகஸ்டு மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்று 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்ததைக் கண்ட தொழிலாளருக்கு, எரியாமற் கடலிற் கலக்கும் எண்ணெயின் பெறுமதியை எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. நான்கடிப்பு இயந்திரங்களில் இக்கேடு வேறு வடிவில் வரும். எரியாத எரிபொருள் சுவரோரமாக வழிந்து, கீழேயுள்ள மசகெண்ணெயோடு கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்யும்.

ஆயினும் மண்ணெண்ணெய் இயந்திரம் மிகுந்த சூட்டையும் பொறுப்பதில்லை. சூடு மிஞ்சினால் மண்ணெண்ணெய் உரிய கணத்துக்கு முன்னரே தானாகப் பற்றி, உள்ளே சுத்தியலால் தட்டுவதுபோன்ற ஒலியை எழுப்பும். குளிரிலும் கெட்டுச் சூட்டிலும் கெடும் இத்தகைய இயந்திரத்துக்கு, கதவைக் கழற்றுவது எவ்வாறு மருந்தாகும்? கழற்றிய தேமோஸ்டாற்றை எறிந்துவிடாது, நூலிற் கட்டி, வெப்பமானியோடு நீர்ச்சட்டியில் தொங்கவிட்டு அடுப்பிலேற்றிப் பார்த்தால், அது எந்தப் பாகையில் திறக்கின்றது என்பது கண்முன்னே தெரிந்துவிடும். திறக்கும் பாகையை அதன் மேலேயே பொறித்திருப்பதும் உண்டு. சட்டியின் அடியில் அது தொடாதிருக்கவேண்டும். தொட்டால் அடுப்பின் சூட்டையே காட்டும்.

இயந்திரத்தின் சூட்டை அளக்கும் வழிகளுள் மிகப் பழையது கை. 50 பாகையை அண்மித்த உலோகத்தின்மீது கையைச் சிலகணம் வைத்திருக்கலாம். 60 பாகையில் வைத்த கையை விரைவில் எடுக்க நேரும். தலைப்பகுதியில் தெளித்த நீர்த்துளி சுரீரென்று பொரிந்து மறைந்தால் 100 பாகை கடந்துவிட்டது. அதற்குமேல் ஆராய ஒன்றுமில்லை. ஆனால் மேலுறையைக் கழற்றிய இயந்திரத்தில் மேலே சுழலும் சக்கரமும், பிளக்குக்குச் செல்லும் உயர் மின்னழுத்தக் கம்பியும் காத்திருக்கின்றன. அலையில் ஆடும் வள்ளத்திற் சாரத்தின் தலைப்பு ஒன்றே விபத்துக்குப் போதும். கையாற் சோதிப்பது கரையில், இயந்திரத்தை நிறுத்திய உடனே செய்யத்தக்கது.

செந்நிறக்கீழ்க் கதிரால் அளக்கும் துப்பாக்கி வடிவ வெப்பமானிகள் இப்போது எளிதிற் கிடைக்கின்றன. கருவி இயந்திரத்தைத் தொடவேண்டியதில்லை என்பது பெரிய வசதி. எனினும் இரண்டு எச்சரிக்கைகள் வேண்டும். 2020ஆம் ஆண்டின் தொற்றுக் காலத்தில் கடைவாயில்களில் நெற்றிக்கு நேரே பிடிக்கப்பட்ட கருவி இதற்கு உதவாது. அது காய்ச்சலின் எல்லைக்குள் மாத்திரமே அளப்பது. மற்றையது, பளபளப்பான வெற்று அலுமினியத்தை நோக்கிப் பிடித்தால் எந்தக் கருவியும் உண்மையிலுங் குறைந்த எண்ணையே காட்டும். மினுக்கமற்ற கறுப்புப் பூச்சுள்ள இடத்தை நோக்கவேண்டும். இல்லையேல் பிளக்குக்கு அண்மையில் ஒவ்வொரு சிலிண்டரின் தலையிலும் காசளவான கறுப்புப் பொட்டு ஒன்றைப் பூசிவிட்டு, எந்நாளும் அந்தப் பொட்டையே அளத்தல் வேண்டும்.

அளந்த எண் தனித்து நின்று பெரிதாக எதையும் சொல்லாது. இயந்திரம் நலமாயிருந்த நாளில் அதே பொட்டு எத்தனை பாகை காட்டியது என்ற குறிப்போடு ஒப்பிடும்போதே அது பேசத் தொடங்கும். மெதுவாக ஓடுகையில் ஒன்று, பாதி வேகத்தில் ஒன்று, முழு வேகத்தில் ஒன்று என மூன்று எண்களை மேலுறையின் உட்புறத்தில் எழுதி வைத்துக்கொண்டால், பின்னர் வரும் கோளாறுக்கு அதைவிடச் சிறந்த சாட்சி கிடையாது. தலைப்பகுதியிற் பொருத்திய உணரியிலிருந்து கம்பியை இழுத்து, ஓட்டுபவர் முன்னே முள்ளையோ எண்ணையோ காட்டும் மானியொன்றை வைப்பது இன்னும் மேலானது. புதிய இயந்திரங்கள் பலவற்றிற் சூடு மிஞ்சினால் ஒலிக்கும் எச்சரிக்கை மணி இருக்கின்றது. அம்மணி ஒலிக்கும்போது கேடு வாசற்படியில் வந்து நிற்கின்றது என்பதையும், பழைய சிறு இயந்திரங்கள் பலவற்றில் அதுவும் இல்லை என்பதையும் மறத்தலாகாது.

சூடு மிஞ்சியிருக்கின்றது என்று கண்டபின், எப்போது மிஞ்சுகின்றது என்று கேட்பதே நோயறியும் முறை. நல்ல கம்மியர் திருகாணியைத் தொடுமுன்னர் இக்கேள்வியைக் கேட்பார்.

மெதுவாக ஓடும்போது சூடேறி, வேகமெடுத்ததும் ஆறிவிட்டால், ஐயம் முதலிற் பம்பியின்மீது விழவேண்டும். இறப்பர்ச் சுழலியின் இதழ்கள் மெதுவான ஓட்டத்தில் அறையின் சுவரை அழுத்தித் தடவி நீரைத் தள்ளுகின்றன. வேகத்திலோ அவை நீரின் எதிர்ப்பால் மடிந்து சுவரைவிட்டு விலகிவிடும். அப்போது நீரைத் தள்ளுவது சுழற்சியின் வீச்சு. ஆகவே இதழ்களின் ஓரம் தேய்ந்த சுழலி வேகத்தில் தன் குறையை மறைத்துக்கொண்டு, வலைவைக்கும்போதும் இழுக்கும்போதும், அதாவது இயந்திரம் மெல்ல உறுமிக்கொண்டு நிற்கும்போது, காட்டிக்கொடுத்துவிடும்.

இதற்கு மாறாக, மெதுவில் நலமாயிருந்து முழு வேகத்தில் மாத்திரம் சூடேறினால், நீர் வருகின்றது, போதவில்லை என்பது பொருள். யாழ்ப்பாணப் பரவைக்கடலில் முதலிற் பார்க்கவேண்டிய இடம் காலிலுள்ள சல்லடை வாய். சாதாளையும் பொலித்தீன் துண்டும் அதனை அடைத்திருத்தல் கூடும். அது துப்புரவாயின், உட்குழாய்களில் உப்புப் படிந்து வழி ஒடுங்கியிருக்கலாம். இயந்திரத்தை வள்ளத்தின் பின்பலகையில் அளவுக்கு மேல் உயர்த்திப் பூட்டியிருந்தாலும் இதே குறி தோன்றும். வள்ளம் அலையில் எழும்போதெல்லாம் வாய் நீருக்கு வெளியே வந்து காற்றைக் குடிக்கும்.

சிலிண்டர்களுள் ஒன்று மட்டும் மற்றதிலும் சூடாயிருப்பது வேறு சங்கதி. பம்பி எல்லாவற்றுக்கும் பொதுவானது. ஒன்றை மாத்திரம் தண்டிப்பதற்கு அதற்கு வழியில்லை. அந்தச் சிலிண்டரின் நீர்வழி தனியே அடைபட்டதா, தலைப்பகுதியின் காஸ்கற் கசிகின்றதா என்று பார்க்கவேண்டும். காபரேற்றரின் நுண்துளை தூசியால் ஒடுங்கி, எண்ணெய் குறைந்து காற்று மிகுந்த கலவையை ஊட்டினாலும் அச்சிலிண்டர் கொதிக்கும். ஈரடிப்பு இயந்திரத்தில் இது கொடியது. அங்கே மசகெண்ணெய் எரிபொருளோடேயே வருவதால், எரிபொருள் குறைந்தவிடத்து மசகும் குறைகின்றது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைக்கும். வெண்பீங்கான் வெளுத்துப் பொரிந்திருந்தால் சூடு மிஞ்சியது. கறுத்து நனைந்திருந்தால் குளிர்ச்சியோ எண்ணெய் மிகுதியோ காரணம். பீங்கானில் மிளகாய் விதையிலும் சிறிய வெள்ளி மணிகள் ஒட்டியிருந்தால் அவை பிஸ்டனிலிருந்து பறந்த அலுமினியம். அந்த இயந்திரத்தை மறுபடி கிளப்பலாகாது.

எஞ்சியவை இரண்டு. நீர்த்தாரை நின்றும் தலைப்பகுதி வழமையான சூட்டிலேயே இருந்தால், அடைபட்டது தாரை விழும் துவாரமே. உப்புப் படிவோ, நின்ற இயந்திரத்திற் குளவி கட்டிய மண்கூடோ அங்கே இருக்கும். தடித்த தங்கூசித் துண்டொன்றால் நீக்கிவிடலாம். தாரை கொட்டியும் தலைப்பகுதி கொதித்தால், தேமோஸ்டாற் மூடியபடி இறுகியது, அல்லது சிலிண்டரைச் சுற்றிய வழி அடைபட்டது. முன்னது அச்சத்தைத் தந்து ஆபத்தைத் தராதது. பின்னது அச்சத்தைத் தராமலே ஆளை விழுங்குவது.

கடலில் இயந்திரம் கொதித்துவிட்டால், மேலுறையைத் திறந்து வாளியால் நீரை வாரி ஊற்றுவதே பலருக்கு முதலில் தோன்றும் எண்ணம். சூடேறிய உலோகம் திடீரெனக் குளிர்ந்தால் வளையும், வெடிக்கும். வேகத்தை முற்றாகக் குறைத்து, நீர் சரிவர வருகின்றதா என்று பார்க்கவேண்டும். வராவிடின் உடனே நிறுத்தி, நங்கூரம் எட்டும் ஆழமாயின் அதனை இறக்கி, காலைத் தூக்கிச் சல்லடை வாயைத் துப்புரவாக்கவேண்டும். பின்னர் கை பொறுக்கும் சூட்டுக்கு அது தானாக ஆறும்வரையிற் காத்திருக்கவேண்டும். சூட்டோடு கயிற்றை இழுத்துக் கிளப்ப முயன்றால், மயிரளவு ஒட்டியிருந்த பிஸ்டன் சிலிண்டரைக் கீறிக்கொண்டு நகரும்.

கரையில் நிகழும் கேடும் உண்டு. வாடியில் நிறுத்திய இயந்திரத்தை, நீரில்லாமலே ‘ஒருக்கால் அடித்துப் பார்ப்பது’ எங்கும் காணப்படும் பழக்கம். நீரே சுழலிக்கு மசகு. உலர்ந்த அறையில் அது சில கணம் சுழன்றாலே இதழ்கள் எரிந்து சுருங்கத் தொடங்கும். இதழ் ஒடிந்த சுழலியை மாற்றும்போது புதியதைப் பூட்டிவிட்டு எழுந்துவிடுதல் போதாது. ஒடிந்த துண்டுகளை எண்ணி, பழைய சுழலியோடு பொருத்திப் பார்க்கவேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் அது மேலே செல்லும் குழாயில் எங்கோ இருக்கின்றது. புதுச் சுழலி தள்ளும் நீரையும் அது மறிக்கும்.

உப்புப் படியாதிருக்க ஒவ்வொரு நாளும் தொழில் முடிந்ததும் இயந்திரத்தை நன்னீரில் ஓடவிட்டுக் கழுவுதல் வேண்டும். நெடுந்தீவு போன்ற இடங்களிற் குடிநீரே அருமையாயிருக்கையில் இது எளிதான யோசனையன்று. ஆயினும் பீப்பாயொன்றில் இட்ட நீரை, அது கரிக்கத் தொடங்கும்வரை சில நாள்களுக்குத் திரும்பவும் பயன்படுத்தலாம். சிறிது உவர்த்த கிணற்றுநீரும் கடல்நீரிலும் மேலானது. கழுவுவதை இயந்திரம் ஆறுமுன்னரே செய்யவேண்டும். ஆறிய இயந்திரமாயின் பீப்பாயில் மீண்டும் சூடேறும்வரை ஓடவிடவேண்டும். சூடாயிருக்கும்போது தேமோஸ்டாற் திறந்திருக்கும், நன்னீரும் தலைப்பகுதியெங்கும் சென்று திரும்பும். ஆறிய இயந்திரத்தைச் சூடேறுமுன் நிறுத்திவிட்டால் நீர் மூடிய கதவோடு நின்றுவிட, அன்றைய உப்பு அதற்கப்பால் இருந்தபடியே இருக்கும்.